கறார் டீச்சர் போட்ட பூஜ்யம்

என் நாத்தனாரோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுவதே பெரும்பாடு. இதில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை வேறு. அவர் புவியியல் டீச்சர், நான் ஆபீஸ் கிளார்க். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கறார் டீச்சர். வீட்டிலும் அதே கறார்தான். ஈரத்துண்டு நாற்காலியில் கிடந்தால் என் வீட்டுக்காரர், அதாவது அவருடைய கூடப்பிறந்த தம்பி, கை கட்டி நின்று காரணம் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் மார்க் பதிவேட்டில் ஒரு எண்ணைக்கூட அடித்துத் திருத்தியதில்லை என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லிக் காட்டுவார்.

இந்த ஏஐ வந்ததும் வந்தது, எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. ஆற்றைப் பற்றி எழுதச் சொன்னால் நாற்பத்தாறு பிள்ளைகளும் ஒரே வரியில் ஆரம்பித்து ஒரே வரியில் முடித்தார்கள். அக்கா, நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்தார். பிறகு ஒரு சட்டம் போட்டார். இனி யாரும் நகலெடுத்த தாளைத் தரக் கூடாது, முதலில் எழுதிய தாளையே தர வேண்டும். அதில் அடித்தல் திருத்தல் இருக்க வேண்டும். யோசிக்கிறவன்தான் அடிப்பான், திருத்துவான், பார்த்து எழுதுகிறவன் தாள்தான் பளிச்சென்று இருக்கும் என்பது அவர் வாதம்.

"அக்கா, அதுங்க உங்களைவிட விவரம்" என்றேன்.

"நீ உன் டைப் அடிக்கிற வேலையைப் பாரு" என்றார். எனக்கென்ன வந்தது என்று பார்த்தேன்.

இந்தப் பருவத்துக்கு அவர் கொடுத்த தலைப்பு, 'உன் வாசலில் விழுந்த மழைத்தண்ணீர் எங்கே போகிறது?' இருபது மார்க். எங்கள் பள்ளியிலிருந்து வருடத்துக்கு ஐந்து பேரைப் பெரிய பள்ளிக்கு எடுப்பார்கள். விடுதி, ஆய்வுக்கூடம் எல்லாம் உள்ள இடம். மொத்த மார்க்கை வைத்துத்தான் அந்தப் பட்டியல். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பியபின் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் நுழையும்போதே பொரிந்து தள்ளினார். "ஒரு பொண்ணு, ஒரு அடித்தல் இல்லாம ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்திருக்கா. கேட்டா மனசுக்குள்ளயே எழுதிட்டேன்னு சொல்றா. மனசுக்குள்ள எழுதுறாளாம்! யார் காதுல பூ சுத்துறா?"

"என்ன செஞ்சீங்க?"

"ஹெச்.எம். ஒரு செயலி வாங்கி வெச்சிருக்காரே, ஏஐ எழுதினதான்னு சொல்றது, அதுல போட்டேன். தொண்ணூத்திரண்டு சதவீதம் ஏஐன்னு வந்துச்சு. பூஜ்யம் போட்டுட்டேன்."

நானும் பாத்திரம் கழுவிக்கொண்டே சிரித்தேன். யார் அந்தப் பெண் என்று கேட்கவில்லை. மறுநாள் மார்க்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வரிசை எண்ணைப் பார்த்து ஏற்றுகிறவளுக்குப் பெயர் எங்கே கண்ணில் படும்? அந்தப் பூஜ்யத்தை ஏற்றியதும் இந்தக் கைதான்.

வெள்ளிக்கிழமை மதியம் தாள்களைக் கட்டி அலமாரியில் வைக்க உட்கார்ந்தேன். மேலே இருந்தது ஒட்டகம் என்று கூப்பிடுவார்களே, அந்த நெட்டைப் பையனுடைய தாள். சும்மா கண்ணை ஓட்டினேன். மூன்றாவது பத்தியில் அழகான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தான்: 'இந்த இடத்தில் கிழக்கு என்று எழுதி அடித்துவிட்டு மேற்கு என்று எழுதவும்.' அதற்கு அடுத்து, சொன்னபடியே, கிழக்கு அடிக்கப்பட்டு மேற்கு இருந்தது. பக்கத்தில் அக்காவின் சிவப்பு டிக்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டைப் பிரித்தேன். பதினாலு தாளில் அதே மூன்றாவது பத்தி, அதே கிழக்கு, அதே மேற்கு. பதினாலு பேரும் பதினாலு தெருவில் இருக்கிறார்கள். எல்லார் வீட்டுத் தண்ணீரும் கிழக்கே போக நினைத்து மனம் மாறி மேற்கே போயிருக்கிறது! டீச்சர் நம்புகிற மாதிரி அடித்தல் திருத்தலோடு எழுதிக் கொடு என்று ஏஐயிடமே கேட்டிருக்கிறார்கள், பாவிகள். அக்கா இரண்டே நாளில் நாற்பத்தாறு தாள் திருத்தியவர். அடித்தல் கண்ணில் பட்டதும் டிக் போட்டிருக்கிறார், சுற்றி என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை.

பூஜ்யம் வாங்கிய தாளைத் தேடினேன். பெயரைப் படித்தேன். எங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மகள். அப்பா ஆறு மணிக்கு முதல் நடை எடுக்கும்போதே ஏறிவிடுவாள். ஊரெல்லாம் சுற்றிப் பள்ளிக்கு வந்து சேர இரண்டு மணி நேரம். அந்தக் குலுக்கலில் பேனா பிடிக்க முடியுமா? ஜன்னலைப் பார்த்து உதடசைத்துக்கொண்டே வருவாள். வந்ததும் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கடகடவென்று எழுதுவாள். ஒரு வருடமாகத் தினமும் நான் பார்க்கிற காட்சி. பார்த்து என்ன பிரயோசனம்?

அக்காவை இழுத்துக்கொண்டு வந்து தாள்களைப் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அந்தப் பொண்ணைக் கூப்பிடு" என்றார்.

வந்தாள். கண்ணாடி போட்ட சின்ன உருவம்.

"நீ எழுதினதைச் சொல்லு பார்ப்போம்."

தாளைக் கேட்கவில்லை அவள். ஜன்னல் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள். "எங்கள் வாசலில் விழும் தண்ணீருக்கு அவசரமே கிடையாது. முதலில் டயர் கடை முன்னால் தேங்கி நிற்கும். ஏதாவது லாரி வந்து ஏறினால்தான் கிளம்பும். பெட்ரோல் பங்கு தாண்டிச் சாலைக்கு அடியில் போகும். மருத்துவமனைக்குப் பின்னால் வெளியே வரும்போது அதன் நிறம் வேறு..." இரண்டு பக்கத்தையும் சொன்னாள். தாளில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒரு சொல் பிசகவில்லை.

விஷயம் கேட்டு வந்து நின்ற ஹெச்.எம். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. மார்க்கை மாற்றினால் பதிவேட்டில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மேலிடம் கேள்வி கேட்கும். "கிளார்க் தப்பா ஏத்திட்டாங்கன்னு எழுதிடலாம் டீச்சர். உங்க பேரு கெடாது" என்றார்.

"நல்லா இருக்கு சார்! நான் என்ன கிள்ளுக்கீரையா?" என்று எழுந்தேவிட்டேன்.

அக்கா என்னை உட்காரச் சொன்னார். பதிவேட்டை இழுத்தார். இருபத்திரண்டு வருடப் பெருமையை ஒரு கோடு போட்டு அடித்தார். பூஜ்யத்தின் பக்கத்தில் பத்தொன்பது. காரணம் என்ற இடத்தில் எழுதினார்: 'மாணவி சொன்னதைக் கேட்காமல் செயலி சொன்னதைக் கேட்டேன். தவறு என்னுடையது.' பதினாலு பேருடைய மார்க்கும் நிறுத்தப்பட்டது. பட்டியலில் இருந்த இருவர் அதில் போனார்கள். ஓட்டுநர் மகள் மூன்றாவதாக வந்தாள். மூன்று ஐம்பதுக்கு அனுப்பிவிட்டேன்.

அக்கா அந்தப் பதினாலு பேரையும் வராந்தாவில் நிறுத்தி, "ஏஐகிட்டக் கேக்காதீங்கன்னு இனி சொல்ல மாட்டேன். என்ன கேட்டீங்க, அது என்ன சொன்னதுன்னு எழுதுங்க. அப்புறம் தெருவுல போய் நின்னு அது நிஜமான்னு பார்த்து அதையும் எழுதுங்க. திங்கக்கிழமை எனக்கு வேணும்" என்றார். இதை ஆறு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் என் உயிர் போயிருக்காதே!

அந்தப் பெண் மட்டும் ஆபீஸிலேயே நின்றாள். பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று சொன்னேன். தலையாட்டினாள், சிரிக்கவில்லை.

"இன்னும் என்னம்மா?" என்றார் அக்கா.

"அப்பாகிட்ட நீங்களே சொல்றீங்களா டீச்சர்?"

"ஏன், நீ சொல்லேன். நல்ல செய்திதானே?"

"நான் சொன்னா நம்ப மாட்டாரு. டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டாரு. மூணு நாளா எங்கிட்டப் பேசல. பஸ்லகூட முன் சீட்டுல உக்கார விடல."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, அவரைப் பெற்ற அம்மா, என் மாமியார், இறந்தபோதுகூட. மூக்கைத் துடைத்துக்கொண்டு கைப்பையை என்னிடம் நீட்டினார்.

"நீ ஸ்கூட்டர்ல போ. நான் பஸ்ல வரேன்."

"அக்கா, அது ஊரெல்லாம் சுத்திட்டு வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். உங்களுக்குக் குலுக்கினா வாந்தி வரும்."

"வரட்டும்."

பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் அக்காவைக் கண்டதும் பதறி எழுந்தார். அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் படியேறி, முன் சீட்டில் அவளை உட்காரவைத்து, எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி, "நான் தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தார்.