வாஷுக்கு முன்னாடி நான் நார்மல்

செக்கிங் வேலை என்பது, தைத்தவர் கண்ணில் படாத ஓட்டையை நாள் முழுக்க நின்றுகொண்டே தேடிப்பிடித்து, அதன் மேல் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவரிடம் திட்டு வாங்கிக்கொள்ளும் வேலை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். நன்றாக நின்றுகொண்டிருந்தவள்தான். ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, கூட வந்த அசதி மட்டும் போகவில்லை. என்னைப் போல இதைப் படுத்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இது வேலை செய்த களைப்பு இல்லை. களைப்பென்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். இதில் இன்றைக்கு நான்கு துணி துவைத்தால் நாளைக்குத் தலை சீவக் கை மேலே போகாது. தூங்கி எழுந்தால் தூங்காத மாதிரியே இருக்கும்.

கேட்டது இரண்டே

மேனேஜரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். உட்கார ஒரு ஸ்டூல், மத்தியானம் வரைக்கும் வேலை. அது கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். விட எனக்கு மனசில்லை. கம்பெனியில் என் கண்ணுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. நான் பார்த்து அனுப்பிய பெட்டியை யாரும் மறுபடி பிரிக்க மாட்டார்கள். வேலையை விட்டுவிட்டால் நான் படுத்துக் கிடக்கிற பொம்பளை, அவ்வளவுதான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஊத்துக்குளிப் பக்கத்துக்காரர், 'ங்க' போடாமல் பேசவே தெரியாது. முகத்தைச் சுளிக்காமல் முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "உங்களுக்கு ஒரு ஸ்டூல் போட்டா லைன்ல இருக்கற அத்தனை பேரும் கேப்பாங்க. என்ன நோவுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துருங்க, அப்புறம் பார்க்கலாங்க."

பாட்டில் வைத்தியம்

முதலில் எங்கள் தெருமுனை கிளினிக். அங்கே கால் வலி, தலை வலி, மாமியார் வலி எல்லாவற்றுக்கும் குளுக்கோஸ்தான். போனதும் படுக்க வைத்து ஏற்றிவிட்டார்கள். படுக்க வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மணி நேரம் யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. வைத்தியத்தில் எனக்குப் பலன் தந்தது அந்தக் கட்டில் ஒன்றுதான்.

பாட்டில் தீர்ந்ததும், இது என்ன நோய் என்று எழுதித் தரச் சொல்லி நர்சம்மாவிடம் கேட்டேன். அவர் பஞ்சை என் கையில் அழுத்திக்கொண்டே, "பனியன் கம்பெனிங்களா? இங்க வர்ற எல்லாருக்கும் இதேதானுங்க, இதுக்கெல்லாம் பேரு இல்லீங்க" என்றார். 

சந்தோஷ சமாச்சாரம்

அடுத்து கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. ரத்தம், சிறுநீர், இதயம், தைராய்டு என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள். எல்லாமே நார்மல். என் வீட்டுக்காரர், அவர் வேறொரு கம்பெனியில் மெஷின் மெக்கானிக், பஸ் ஏறுவதற்குள் சொந்தபந்தம் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு அழுகை வந்தது. நல்ல செய்தி கேட்டு அழுகிறாளே என்று பஸ்ஸில் ஒரு அம்மா பார்த்தார்.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு எண்ணின் கீழே சிவப்புக் கோடு வராதா என்று வேண்டிக்கொண்டிருப்பீர்கள். ஆரோக்கியமாக இருக்கிறோம் என்று தெரிந்து அழுகிற ஒரே கூட்டம் நாம்தான்.

அன்று சாயங்காலமே நாத்தனார் பார்க்க வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். ரிப்போர்ட்டைப் புரட்டினார், கண்ணை மூடிக் கும்பிட்டார், கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்தார். "அதுதான் ஒன்னுமில்லைன்னு வந்துருச்சல்லொ, அப்புறம் எதுக்குங்க இன்னும் படுத்துட்டிருக்கீங்க?"

நடந்தால் சரியாப் போயிடும்

மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் ஒரு பெயர் சொன்னார். நாள்பட்ட சோர்வு நோய். பெயர் கிடைத்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு மகிழ்ச்சி. இனி மேனேஜர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம், அதாவது உட்காரலாம். மருந்து கிடையாது என்றும் சொன்னார். தினமும் நடக்க வேண்டுமாம், வாராவாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போக வேண்டுமாம். சொல்லிக் கொடுக்க ஒரு பிசியோதெரபி தம்பியையும் காட்டினார்.

நான் சொன்ன சொல் கேட்கிறவள். நடந்தேன். முதலில் மளிகைக்கடை வரை, பிறகு ரயில்வே கேட் வரை. முடியவில்லை என்று உடம்பு சொல்லச் சொல்ல, டாக்டரை விடவா உனக்குத் தெரியும் என்று அதட்டி இழுத்துக்கொண்டு போனேன். ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. குக்கர் விசில் சத்தம் எலும்பு வரை போனது. இட்லியை மெல்லவே தாடை வலித்தது. நடப்பதற்கு முன் இருந்த அளவுக்குத் திரும்பி வர எனக்கு மாதக்கணக்கானது, அத்தனையும் சம்பளமில்லாத லீவு.

வந்தபின் அந்தத் தம்பியிடம் போய், நடந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "நடந்தீங்க சரிங்கக்கா, ஆனா நம்பி நடந்திருக்க மாட்டீங்க."

ஒரு நல்ல கேள்வி

மேனேஜருக்குக் காட்ட, நோய்க்குப் பெயர் சொன்ன அந்த டாக்டரிடமே எழுதி வாங்க வேண்டும். போவதற்கு முன் இரண்டு நாள் அசையாமல் படுத்து, வாடகைக் காரின் பின் சீட்டிலும் படுத்தே போனேன். அவர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார், நின்றேன். தன் கையை அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். "நல்லாத்தானேம்மா இருக்கீங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு எங்கள் தொழில் ஞாபகம் வந்தது. "சார், எங்க ஊர்ல துணிய வாஷ் பண்றதுக்கு முன்னாடி அளந்து யாரும் பாஸ் போட மாட்டாங்க. வாஷுக்கு முன்னாடி எல்லா டீ-ஷர்ட்டும் நேராத்தான் நிக்கும். துவைச்சுக் காயப் போட்டப்புறம்தான் எது சுருங்குது, எது முறுக்கிக்குதுன்னு தெரியும். நீங்க என்னை ரெஸ்ட் எடுத்துட்டு வந்த அன்னிக்கே பார்க்கறீங்க. ஒரு நாள் முழுக்க வேலை செய்ய விட்டு, மறுநாளும் அதுக்கு மறுநாளும் பாருங்க சார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே ரசித்துக் கேட்டார். சரி, புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து, வேலைக்குத் தகுதியானவர், நடைப்பயிற்சி அவசியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோயின் பெயரை எழுதவில்லை. கேட்டதற்குச் சிரித்தார். "இவ்வளவு தெளிவா, இவ்வளவு நேரம் பேசறீங்களேம்மா, சோர்வு இருக்கறவங்க இப்படிப் பேச மாட்டாங்க."

அதற்கப்புறம் மூன்று நாள் வாய் திறந்து பேச எனக்குத் தெம்பே இல்லை. அதைப் பார்க்க அவர் வரவில்லை.

ஆடிட் நாள்

தகுதியானவள் என்று எழுதி வாங்கியபின் என்ன செய்வது, நின்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த சனிக்கிழமை சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டு வேலையை விட்டுவிடலாம் என்று மனசுக்குள் முடிவும் பண்ணிவிட்டேன். அந்த வாரத்தில்தான் ஆடிட் வந்தது.

சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து, இங்கே தொழிலாளர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்க்க ஆள் வருவதுதான் ஆடிட். அன்று கம்பெனி கல்யாண வீடாகிவிடும். பாத்ரூமில் சோப்பு இருக்கும். மருந்துப் பெட்டியில் மருந்து இருக்கும். குடோனிலிருந்து ஸ்டூல்கள் இறங்கிவரும். காலையில் என் மேஜைக்கும் ஒன்று வந்தது. உட்கார்ந்தேன். வந்த வெள்ளைக்காரர் என் பக்கத்தில் நின்று, நான் பனியன் பீஸைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். கம்பெனியில் சொல்லிக்கொடுத்தபடி சிரித்தேன். காலுக்குக் கிடைத்த சுகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் நிஜமாகவே வந்துவிட்டது.

சாயங்காலம் ஸ்டூல்களை அள்ளிக்கொண்டு போக லோடிங் செக்ஷன் ராம்பிரவேஷ் வந்தார். பீகார்க்காரர், ஊரில் மூன்று பெண்களுக்குத் தகப்பன். எழுந்திருக்கப் போன என்னைக் கையமர்த்தி, வாசலை எட்டிப் பார்த்தார். "உக்காருங்க அக்கா, ஆடிட் கார் இன்னும் கேட் தாண்டல."

போட்டோ செய்த உபகாரம்

சில நாளில் வாங்குகிற கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. உட்கார்ந்து வேலை செய்யும் வசதி மிக நன்று என்று பாராட்டி, என் போட்டோவையும் வைத்திருந்தார்களாம். அடுத்த முறை சொல்லாமல் கொள்ளாமல் வருவார்களாம். மேனேஜர் தானே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைக்கடியில் போட்டார். இனி இது இங்கேயேதான் இருக்கும், நானும் இதிலேயேதான் இருக்க வேண்டும் என்றார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார்: "அதுதான் உக்காந்துட்டீங்கல்லொ, இனிமே மத்தியானமே எதுக்குங்க போகணும், ஒன்றரை ஷிப்டாவே பார்த்துரலாங்களே?"

ராத்திரி வரைக்கும் என்று அர்த்தம். முடியாதுங்க, மத்தியானம் வரைக்கும்தானுங்க என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு பெல் அடித்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன், வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறேன், இதுவரை யாரும் தடுக்கவில்லை.

ஆக, நான் நோயாளி என்று இந்தக் கொங்குச் சீமையில் இன்னும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, நான் உட்காரலாம் என்று மட்டும் கடல் கடந்து ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.