திரைக்குப் பின்னால் ஒரு நைவேத்தியம்

வேலேந்திய பெருமான் திருவடி காக்க. இன்று வைகாசி விசாகம்.

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் ஒரு சிறிய அரங்கம். நாடகம் தொடங்கக் கால் மணி நேரமே உள்ளது. பார்க்க வந்த என்னை, நாடகத்தை இயக்கும் பெண்மணி ஒப்பனை அறைக்கு அழைத்துச் செல்கிறார். முருகன் வேடமேற்ற இளைஞர் நாற்காலியில் துவண்டிருக்கிறார். ஜூரோங் கப்பல் பட்டறையிலிருந்து நேரே வந்தவர், காலையிலிருந்து உண்ணவில்லை. அரிதாரம் பூசியபின் நாடகம் முடியும்வரை தண்ணீரும் தொடுவதில்லை என்பது அவர் விரதம். மேடையில் மயங்கி விழுந்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன்.

"ஐயா, நெத்தி நிறைய திருநீறு பூசியிருக்கீங்க. நீங்க சொன்னா கேப்பாரு. நாங்க சொன்னா முறைக்கிறாரு லா!"

"விரதத்தை முறிக்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை, அம்மா."

"முறிக்க வேணாம். முருகனாத்தானே உட்கார்ந்திருக்காரு? நைவேத்தியமா வச்சிடுங்க," என்று பார்லித் தண்ணீர்க் குவளையை நீட்டுகிறார்.

இரு கைகளாலும் அதை ஏந்தி அவர்முன் நிற்கிறேன். முதல் மணி ஒலிக்கிறது. அவர் அசையவில்லை. இரண்டாம் மணியும் ஒலிக்கிறது.

"சாமிக்குன்னு வந்தா வேணாம்னு எப்படிங்க சொல்றது?" என்று வாங்கிப் பருகுகிறார். கடைசி மிடற்றை மட்டும் மிச்சம் வைத்து, குனிந்து நீட்டிய என் உள்ளங்கையில் தீர்த்தமாக ஊற்றிவிட்டு மேடையேறுகிறார்.

இதைப் படிப்போர் அனைவரும் பசியும் பிணியும் நீங்கி நீடு வாழ்க.