பட்டையை விட்ட சித்தப்பா

முப்பத்திரண்டு வருடம் குடித்தவன் நான். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே குடித்தேன். மகளின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று வரவேற்க முடியாமல் உள்ளறையில் கிடந்தேன். இதையெல்லாம் இப்போது வாரம் தவறாமல், என்னைப் போன்ற பதினைந்து பேர் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறேன். நிறுத்தி நாலு வருடமாகிறது. புதிதாக யாராவது வந்து வாய் திறக்க முடியாமல் முழித்துக்கொண்டிருந்தால், என் முறை வரும்போது சித்தப்பாவின் கதையைச் சொல்லிவிடுவேன். வந்தவர் சிரித்துவிடுவார். அப்புறம் பேச்சு தானாக வரும்.

அப்போது எனக்கு எட்டு வயது. மலையாளக் கரையில், கரமனை அக்கிரகாரத்தில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சித்தப்பாவுக்குக் குடிப்பழக்கம். எங்கள் வீட்டில் அதற்கு வைத்திருந்த பெயர் வயிற்றுவலி. "இன்னிக்கு அவனுக்கு வயத்துவலி, சாப்பிட எழுப்பாதே" என்பார் அப்பா. அம்மா நிஜமாகவே இஞ்சிக் கஷாயம் வைத்துக்கொடுப்பாள். சித்தி திருநெல்வேலிக்குப் பிறந்த வீட்டோடு போய் ஆறு மாதமாகியிருந்தது. அதற்குப் பெயர் ஓய்வு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா வெளியே கிளம்பினார். அம்மா என்னையும் கூட அனுப்பினாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு யாரும் சாராயக்கடைக்குள் நுழையமாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அன்று சித்தப்பாவின் சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. குடித்துக் கெட்டு, பிறகு நிறுத்திய ஆபீஸ் நண்பர் ஒருவர் எழுதிக்கொடுத்த விலாசம். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற இடம். எனக்கு அதெல்லாம் தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கிய சித்தப்பாவுக்கோ, என்ன இடம் என்று வாய்விட்டுக் கேட்க வெட்கம். பெட்டிக்கடைக்காரரிடம், "சேட்டா, இவிடெ மீட்டிங் எவிடெயா?" என்று, கூட்டம் எங்கே என்பதை மட்டும் கேட்டார்.

"யூனியன் மீட்டிங்கோ?"

"ஆ… அது தன்னெ." அதேதான் என்று சித்தப்பா தலையாட்டிவிட்டார்.

சுமை தூக்குகிறவர்களின் சங்கக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கூலி உயர்வு கேட்டு எல்லோரும் முஷ்டியை உயர்த்தினார்கள். செக்ரட்டேரியட் குமாஸ்தாவான சித்தப்பாவும் உயர்த்தினார். நான் இரண்டு கையையும் உயர்த்தினேன். பக்கத்திலிருந்தவர் சித்தப்பாவின் ஒல்லித் தோளைச் சந்தேகத்தோடு பார்த்து, "சார் ஏது மார்க்கெட்டிலாணு?" என்று, எந்த மார்க்கெட்டில் சுமை தூக்குகிறார் எனக் கேட்ட பிறகுதான் துண்டுச்சீட்டு வெளியே வந்தது. அவர் அதைப் படித்தார். சிரிக்கவில்லை. "ஞானும் போகேண்டவன் தன்னெ" என்று, தானும் அங்கே போக வேண்டியவன்தான் என முணுமுணுத்துவிட்டு, அடுத்த தெருவில் மாதாகோவிலை ஒட்டியிருந்த ஹாலின் வாசல்வரை எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

உள்ளே சுவரில் ஏசு படம், மேஜையில் பால் விடாத சாயா, சூடான பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி. நான் மூன்று தின்றேன். ஒரு லாரி டிரைவர் எழுந்து, "ராவிலெ எழுந்நேற்றால் பட்ட அடிக்கும். உச்சைக்கும் பட்ட. வைகிட்டும் பட்ட" என்று சொல்லிக் கண்கலங்கினார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் அப்பாவும் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் நெற்றியில் விபூதியைப் பட்டை பட்டையாக இட்டுக்கொள்கிறவர்தான். அதற்கு எதற்காக இவர் அழ வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை. பட்டை என்றால் சாராயம் என்று பள்ளிக்கூடத்து மலையாள வாத்தியார் சொல்லித்தரவில்லை. கடைசியில் சித்தப்பா எழுந்தார். "எனிக்கும் பட்டயாணு. இந்நு முதல் நிர்த்தி." இன்று முதல் நிறுத்திவிட்டார் என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

"யாரண்டையும் மூச்சு விடப்படாது, கேட்டயா?" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை இட்லிக்கு முன்னால் நான் மூச்சு விட்டுவிட்டேன்.

"நேத்து எங்கேடா போனேள்?" என்றாள் அம்மா.

"மாதாகோவிலுக்கு. சித்தப்பா இனிமே பட்டையே அடிக்கமாட்டேன்னுட்டார். எல்லாரும் கை தட்டினா. பழம்பொரி குடுத்தா."

அப்பா பூஜையைப் பாதியில் விட்டு விபூதிச் சம்புடத்தோடு எழுந்து வந்தார். "வயத்துவலின்னு பொறுத்துண்டேன். அதுக்காக மதம் மாறுவியோ? இனிமே அந்த ஹால் பக்கம் போனியானா, இந்த ஆத்துப் படி ஏறாதே!" சொல்லிக்கொண்டே ஒரு கை விபூதியை அள்ளிச் சித்தப்பாவின் நெற்றியில் காதிலிருந்து காதுவரை அப்பினார். சித்தப்பா தும்மினார்.

"அண்ணா, நான் சொல்றதைக் கொஞ்சம்…"

"பேசாதே! காட்டு நெத்தியை. இன்னொண்ணு!"

சித்தப்பா ஒரு தலையாட்டலில் தப்பித்திருக்கலாம். சரி அண்ணா, போகலை என்றால் போதும், எல்லாம் பழையபடி நடக்கும். அவர் முகத்தில் விழுந்த விபூதியைத் துடைக்கக்கூட இல்லை.

"அண்ணா, நெத்தியில இடற பட்டையை நான் விடலை. வயத்துக்குள்ள போற பட்டையை. சாராயத்தை. நான் குடிகாரன் அண்ணா. அங்கே போனா விட்டுடுவேன்னு தோணறது. என்னைப் போகவிடு."

அந்த வீட்டில் குடிகாரன் என்ற சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். விபூதிக் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு அப்பா சம்புடத்தை மூடிவிட்டு, "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார்.

"அஞ்சு."

"நானும் வரேன்."

போனார். பளிச்சென்ற விபூதியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தவரைப் புது ஆள் என்று நினைத்து எல்லோரும் கை தட்டி வரவேற்றார்கள். மறுக்கத் தெரியாமல் அவரும் எழுந்து கும்பிட்டாராம். சித்தப்பா இரண்டு தடவை சறுக்கினார். இரண்டு தடவையும் திரும்பிப் போனார். சித்தி வந்து சேர்ந்தாள். பல வருடம் கழித்து சித்தப்பா என் மூச்சில் வாடை பிடித்து என்னையும் கூப்பிட்டார். நான் பேராசிரியர் அல்லவா, "எனக்கு அந்த அளவுக்கு இல்லை சித்தப்பா" என்று சிரித்தேன். அவர் கூப்பிட்ட இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அந்தக் காலையில் நேரத்தைக் கேட்டுக்கொண்ட அப்பா, நேராகக் கிணற்றடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. பட்டை என்ற ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதற்கு ஒரு பெரியவர் இவ்வளவு அழுவாரா என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"போனாப் போறதுப்பா" என்றேன். "எனக்கும் அப்படித்தான் கேட்டது."