காஞ்சிக்குப் போனது எண்ணெய்க்காக

சனிக்கிழமை, விடிகாலை ஐந்தரை மணி. வேலூர், சத்துவாச்சாரி.

ஒரு குடும்பப் பெண் காஞ்சிபுரம் கிளம்பினால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும் என்று எங்கள் தெரு நம்புகிறது. ஒன்று கோயில், இன்னொன்று புடவை. நான் கிளம்பியது என் மோட்டார் சைக்கிளின் எண்ணெய்க் கோளாறைச் சரிசெய்ய. பால் வாங்க வந்த எதிர்வீட்டம்மா, "அம்மனுக்கு என் பேர்லயும் ஒரு அர்ச்சனை பண்ணிடுமா" என்றார். கோயிலுக்கு இல்லை, வால்வுக்குப் போகிறேன் என்றேன். அப்படியானால் நல்ல பச்சையில் ஒரு புடவை பார்த்து வரச் சொன்னார்.

வண்டி ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. ஒற்றை சிலிண்டர். மாவு மில் நடத்திச் சேர்த்த சீட்டுப் பணத்தில் நானே வாங்கினேன். என் கணவர் சேகர் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவதோடு சரி. அவரைக் குறை சொல்லவும் முடியாது. இதுவரை மூன்று முறை அது குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லோடு வண்டியின் முதுகில்தான் வீடு திரும்பியிருக்கிறது. மூன்றாவது முறை, என் மாமியார், நாத்தனார் எல்லாருக்கும் முன்னால் அவர் சொல்லிவிட்டார்: "இன்னொரு வாட்டி இது குட்டியானைல வந்தா வீட்ல எறக்க வேணாம் மல்லிகா. அப்படியே காயலான் கடைக்கு உட்டுடலாம்." நானும் வீம்புக்கு, சரி என்றேன். சொன்ன பேச்சை மாற்றுகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆகவே இந்தப் பயணத்தில் ஒரே ஒரு காரியம்தான் முக்கியம். வண்டி தன் சக்கரத்தில் உருண்டு வீடு வந்து சேர வேண்டும்.

படிக்கிறவர்களுக்கு வண்டியின் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். இதில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு. அங்கிருந்து எஞ்சினுக்குள் இறங்கி, எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, அடியில் சேர்வதை பம்ப் உறிஞ்சி மறுபடி தொட்டிக்கே அனுப்பும். இறங்கும் வழியில் ஒரு சின்ன இரும்புக் குண்டு, திரும்பும் வழியில் இன்னொன்று காவல் நிற்கின்றன, இவைதான் வால்வுகள். வண்டி ஓடாதபோது முதல் குண்டு வழியை அடைத்துக்கொண்டு உட்கார வேண்டும். என் வண்டியில் அது சரியாக உட்காருவதில்லை. ராத்திரியெல்லாம் எண்ணெய் சொட்டிச் சொட்டி எஞ்சின் வயிற்றில் தேங்கிவிடும். காலையில் அடித் திருகைக் கழற்றி, எவர்சில்வர் பேசினில் வடித்து, டீ வடிகட்டியில் ஊற்றித் தொட்டிக்குத் திருப்பிய பிறகுதான் கிக்கரை உதைக்கலாம். பிறகு தொட்டி மூடியைத் திறந்து, எண்ணெய் உள்ளே திரும்பி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் நல்ல நாள்.

அன்று விழுந்தது. வாலாஜா தாண்டி காவேரிப்பாக்கத்தில் டீக்கு நிறுத்தினேன். டீ பதினைந்து ரூபாய், ஏரிக்காற்று இலவசம். நான் மறுபடி மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதை ஒரு லாரி டிரைவர் கவனித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, அடிக்கடி தொறந்து பாக்கற? உள்ள இன்னா இருக்குது?"

"உசுரு" என்றேன். அவரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பன்னைக் கடித்தார்.

ஓச்சேரி, தாமல், பாலுசெட்டிசத்திரம் என்று காஞ்சிபுரத்துக்குள் நுழையும்போது எட்டரை. எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரத்துக்கு மூன்று மணி நேரம். ஊருக்குள் நுழைந்ததுமே ஒரு பையன் ஸ்கூட்டரில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். "மேடம், தறிலர்ந்து நேரா குடுக்கறோம். வாங்க வேணாம், சும்மா பாருங்க போதும்." நான் திரும்பி, "ஐம்பதாம் நம்பர் ஆயில் கெடைக்குமா?" என்று கேட்டேன். அடுத்த சிக்னலில் அவனைக் காணோம்.

ரயில்வே ரோட்டை ஒட்டிய சந்தில் பாஷா பாயின் லேத் பட்டறை. பழைய வண்டிக்காரர்கள் சொல்லி அனுப்பிய இடம். பாய் நாஷ்டா முடித்துவிட்டு வந்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, குண்டு உட்காரும் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"சீட்டு தேஞ்சிருக்குதும்மா. தட்டி உக்கார வெச்சிடறேன். ஆனா பேஜார் புடிச்ச வேல இது, மறுபடி தேயும். பேசாம ஆயில் பைப்புல தண்ணிக் கொழா மாதிரி ஒரு டேப்பு வெச்சிடு. நிறுத்தனா மூடு, எடுத்தா தொற. எல்லாரும் அப்படித்தான் வெச்சினுகிறாங்க."

"தொறக்க மறந்துட்டா?"

"அதெப்டி மறக்கும்?"

"மோட்டார போட்டுட்டு மறந்து, தெருவெல்லாம் தண்ணி ஓடாத வீடு ஒண்ணு காட்டுங்க பாய்."

அவர் சிரித்தார். தண்ணீர்த் தொட்டியில் மறந்தால் தண்ணீர்தான் வீண். இதில் மறந்தால் நாலைந்து கிலோமீட்டரில் எஞ்சின் இறுகிவிடும். எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக நான் எதையும் வைத்துக்கொள்வதில்லை. அரை மணி நேரம் வாதாடி, டேப்பு வேண்டாம் என்று நான் சொன்னதே நின்றது. அவர் குண்டை வைத்து லேசாக இரண்டு தட்டுத் தட்டி, புது ஸ்பிரிங் போட்டு மூடினார். அதற்குள் நான் எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றி, அதிலிருந்த எண்ணெய்ச் சல்லடையைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து மாட்டினேன். துடைக்க பாய் கொடுத்தது ஒரு கை நிறையக் கழிவுப் பட்டு நூல். வேறு ஊரில் பனியன் துணி கொடுப்பார்கள், இந்த ஊர்ப் பட்டறையில் பட்டு. மகாராணி வீட்டுச் சல்லடைபோலத் துடைத்தேன். கூலி எழுநூறு ரூபாய்.

மதியம் சோதனை ஓட்டம். வாலாஜாபாத் தாண்டி, பழையசீவரத்தில் பாலாற்றுப் பாலம் ஏறினால் அக்கரையில் திருமுக்கூடல். மூன்று ஆறுகள் கூடும் இடம் என்று பெயர், அன்றைக்கு மூன்றும் மணலாகக் கூடியிருந்தன. கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டு வரிவரியாக ஓடுகிறது. அதன் நிழலில் வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்தேன். எண்ணெய் கம்பியாக விழுந்தது. அப்போது எனக்கு இருந்த கர்வத்தை மறைப்பதற்கில்லை.

ராத்திரி தங்கியது ஐயம்பேட்டையில், என்னோடு பள்ளியில் படித்த கோமதியின் வீட்டில். காஞ்சியிலிருந்து எட்டு கிலோமீட்டர். கோமதியும் அவள் கணவர் குமாரும் தறிக்காரர்கள். மாலை அவர்கள் தெருவுக்குள் திரும்பியபோது பின்னால் நீலப் புகை. ஊதுபத்தி அளவு அல்ல, கொசு மருந்து வண்டி அளவு. எஞ்சின் ஓடும்போதே மூடியைத் திறந்தேன். எண்ணெய் விழவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. உடனே அணைத்தேன். தொட்டி பாதி காலி, வயிறு நிறைந்துவிட்டது. காலையில் இருந்த வியாதி இறங்கும் வழியில். இது வேறு, திரும்பும் வழி அடைத்திருந்தது.

தள்ளிக்கொண்டு போய் கோமதி வாசலில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி வெளியே வந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ் பேசுகிற நெசவுக் குடும்பம் அவருடையது.

"இத இங்க நிறுத்தாதம்மா. காலைல தெருவுல பாவு நீட்டறோம். எண்ண ஒழுவுற வண்டி ஆவாது."

பாவு என்பது புடவையின் நீளவாட்டு இழைகள். விடிகாலையில் தெரு நீளத்துக்கும் அதை இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் உருட்டிவிடுவார்கள். எண்ணெய் பட்ட பட்டில் கறை நின்றுவிடும், விலையும் போகாது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு வேறு இடம் இல்லை.

"ஒழுவாது" என்றேன்.

"ஒழுவுனா?"

"ஒழுவாதுங்க." அடியில் பேசினை வைத்து, பேசினுக்கு அடியில் சாக்கையும் விரித்தேன். அவர் இரண்டையும் பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கும்படியாகவே கதவைச் சாத்தினார்.

சாப்பிடும்போது குமார் அண்ணன் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்காதம்மா. சேகர் போன் பண்ணாரு, வண்டி நின்னுபோச்சுன்னு சொன்னேன். காலைல ஏழு மணிக்கு குட்டியானைக்கு சொல்லிட்டேன். நம்ம ஆளுதான், பத்திரமா வேலூர்ல எறக்கிடுவான்."

நல்ல மனதோடுதான் செய்தார். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. இட்லியை அப்படியே வைத்துவிட்டு, "அண்ணா, அதுல ஏத்தினா அது வீட்டுக்கு வராது, காயலான் கடைக்குப் போவும்" என்றேன். கோமதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சொன்ன வண்டியை வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். வந்தால் வரட்டும், நான் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை. எழுந்து வந்தபோது தெரு முழுக்கப் பாவு. அரக்கு நிறத்தில், முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை. ஆட்கள் இரு பக்கமும் நின்று இழைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் குட்டியானை வந்து நின்றது. உள்ளே வர வழியில்லை. பாவு இருக்கும்வரை இந்தத் தெருவில் சைக்கிள்கூட நுழையாது. நேற்று என்னை விரட்டப் பார்த்த அதே பாவு, இன்று எனக்குக் காவலாக நின்றது. டிரைவர் இறங்கி டீக்கடைக்குப் போனார். எனக்கு அது உருண்டு முடியும்வரை நேரம்.

வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, அடித்தட்டின் நான்கு நட்டுகளையும் கழற்றினேன். எண்ணெய் மொத்தமும் பேசினில். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. தலைமாட்டில் நிழல் விழுந்தது. ராஜேஸ்வரி, கையில் டார்ச்.

"உன்ன நம்பி பாவு நீட்டிக்கினு இருக்கறேன். சரியா பாத்து செய்" என்று வெளிச்சம் அடித்தார். உதவி இல்லை, காவல். பட்டைத் தொடும் கை என்பதால் வண்டியின் மேல் விரல் படாமல் தள்ளியே நின்றார்.

உறிஞ்சு குழாயின் வாயில் ஏதோ மினுங்கியது. கொண்டை ஊசியை நிமிர்த்தி உள்ளே விட்டேன். மேலே எழ வேண்டிய குண்டு அசையவில்லை. ஊசியை மெல்லத் திருப்ப, ஒரு முனை சிக்கியது. இழுத்தேன். விரல் நீளம் வந்தது, இன்னும் வந்தது. அரக்கு நிறத்தில் ஒரு பட்டு நூல். பட்டறையில் நான் மகாராணிபோலத் துடைத்தபோது உள்ளே தங்கி, குண்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டது. பருத்தியாக இருந்தால் அறுந்து போயிருக்கும். பட்டு அறுபடவில்லை. குண்டைத் தட்டினேன், தாராளமாக ஏறி இறங்கியது.

எழுந்து உட்கார்ந்து நூலை டார்ச் வெளிச்சத்தில் நீட்டினேன். "என் எண்ண உங்க பட்டுல விழக்கூடாதுன்னீங்க. இப்ப பாருங்க, உங்க பட்டு என் எண்ணெயில விழுந்திருக்குது."

ராஜேஸ்வரி தொடாமலே குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது எங்க தெரு பட்டு இல்ல" என்றார். "முறுக்கு பத்தல. எங்க நூலா இருந்தா உன்னால எடுத்திருக்கவே முடியாது."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவரே குமார் அண்ணனை அதட்டினார். "அவங்களுக்கு ஒரு அட்ட குடுப்பா, பாத்துக்கினு நிக்கற." அடித்தட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே போடுகிற பழைய காகிதம் கிழிந்திருந்தது. அண்ணன் தறியில் டிசைனுக்கு ஓட்டை போடும் ஜக்கார்டு அட்டையில், ஓட்டை போடாத வெற்று அட்டை ஒன்று கொண்டு வந்தார். கத்தரியால் அளவுக்கு வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, நட்டுகளை முறுக்கினேன். வடிகட்டிய எண்ணெய் தொட்டிக்குப் போனது. இந்த முறை துடைக்க என் துப்பட்டா.

வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் பாவு உருண்டு வீட்டுக்குள் போயிற்று. தெருவே காத்திருந்தது, குட்டியானை டிரைவர் உட்பட. மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. கொஞ்சம் புகை, பிறகு இல்லை. மூடியைத் திறந்தேன். முதலில் ஒரு துப்பல், பிறகு கம்பியாக எண்ணெய். ராஜேஸ்வரி எட்டிப் பார்த்து, "பரவால்ல, சாம்பார் கரண்டியால ஊத்துற மாதிரி விழுது" என்றார்.

குட்டியானை டிரைவருக்கு ராணிப்பேட்டையில் வேறு லோடு இருந்தது. அதனால் எனக்குப் பின்னாலேயே வந்தார். தாமலில் நிறுத்தினேன், அவரும் நிறுத்தினார். "ஏத்திக்கலாமாமா?" காவேரிப்பாக்கத்தில் மறுபடி, "ஏத்திக்கலாமா?" நான் மூடியைத் திறந்து காட்டினேன். ராணிப்பேட்டையில் திரும்பும்போது ஹாரன் அடித்துக் கைகாட்டிவிட்டுப் போனார். அங்கிருந்து வீடு வரை நான் தனியாகத்தான் வந்தேன், கொஞ்சம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு.

ஐயம்பேட்டையில் காலைவேளைகளில் தெருவே ஒரு இழைக்காக நின்று வழிவிடுகிறது. எங்கள் தெருவில் யாரும் எதற்கும் நிற்பதில்லை. நான் திரும்பிய சத்தத்துக்கு மட்டும் அன்று நாலைந்து கதவுகள் திறந்தன. என் வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில் சேகரின் ஸ்கூட்டர் நின்றது. இனி அந்த இடம் காலிதான் என்று முடிவே செய்திருக்கிறார். எஞ்சினை அணைக்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வந்து, வண்டியைப் பார்த்தார், பின்னால் தெருவைப் பார்த்தார். லோடு வண்டி எதுவும் வரவில்லை.

"காஞ்சிவரம் போய்ட்டு புடவ கூட வாங்கலியா?" என்றார், வேறு பேச்சு கிடைக்காமல்.

பையிலிருந்து அந்த நூலை எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்ததை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். அறுபடவில்லை. இன்னொரு முறை இழுத்தார். பிறகு நூலைப் பத்திரமாகத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, வெளியே வெயிலில் நிறுத்தினார்.