அல்போன்ஸ் அண்ணனும் முந்திரியும்

முதல் ஷிப்ட் முடிந்து வண்டியை எடுக்கும்போது அல்போன்ஸ் அண்ணனின் மனைவி லூர்து அண்ணியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, உங்க அண்ணன் போயிட்டாரு. நாய்ங்களுக்குச் சோறு வச்சிக்கினு இருந்தாரு, அப்படியே சுவத்துல சாஞ்சி உக்காந்துட்டாரு" என்றார். குரலில் அழுகை இல்லை. "அந்தச் சோறு அப்படியே கெடக்குது தம்பி, ரெண்டும் தொடல" என்று சொன்னபோதுதான் உடைந்தார்.

சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் பெல்ட்டுகளைப் பழுது பார்க்கும் பிரிவில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் பிளாக்கில் குடியிருந்தவர்களும் அவரை மறந்திருக்க மாட்டார்கள், முக்கியமாக அவர் வீட்டு நாய்களை. நான் அவருக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் பன்னிரண்டு வருடம் இருந்தவன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்பதைப் படிப்பவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஷிப்ட் விட்டு வரும் வழியில் அடிபட்டோ பட்டினியாகவோ கிடக்கும் நாயை அவரால் தாண்டி வர முடியாது. ஜெனரல் ஷிப்ட் முடிந்து வரும்போது கிடைத்ததற்கு ஜெனரல் என்று பெயர். நைட் ஷிப்டில் கிடைத்த கறுப்பு நாய் நைட்டு. நாய்களுக்கென்று ஒரு பெரிய அலுமினியக் குண்டான் இருந்தது. அதில் ரேஷன் அரிசியும் கோழிக்கழுத்தும் வேகும் வாடை எங்கள் வீட்டுக் கூடம் வரை வரும். ஒவ்வொன்றுக்கும் போட்ட ஊசியின் தேதியை எழுதிய அட்டைகளைக் குடும்ப அட்டையோடு ஒரே உறையில் வைத்திருந்தார். "நாம அதைக் காப்பாத்திட்டோம்னு பேசிக்கிறோம். அது நம்மள நம்புது பாரு, அதான் பெரிய விஷயம்" என்பார்.

தானே புயல் அடித்த அடுத்த வாரம் முத்தாண்டிக்குப்பம் பக்கம் போயிருந்தார். முந்திரித் தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்து கிடந்த நேரம். விழுந்த மரம் ஒன்றின் அடியில், இடுப்பில் காயத்தோடு ஒரு செவலைக் குட்டி முனகிக்கொண்டிருந்ததாம். சட்டைக்குள் போட்டு எடுத்துவந்தார். அதற்கு முந்திரி என்று பெயர் வைத்தார். வளர்ந்த பிறகும் மழை பெய்தால் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிவிடும். அவர் தரையில் படுத்து, கட்டிலுக்கடியில் கையை நீட்டி அதன் முதுகில் வைத்திருப்பார்.

அந்த முந்திரி ஒரு நாள் என் மகளைக் கடித்தது. அவள் அப்போது ஆறாம் வகுப்பு. கெண்டைக்காலில் ரத்தம் வழிய ஓடி வந்தாள். நான் நேரே அவர் வாசலுக்குப் போய்க் கத்தினேன். என்னைவிட எட்டு வயது மூத்தவரை அன்றைக்கு 'நீ' என்றேன். "உனக்குப் புள்ளைய விட நாய் பெருசா? நாளைக்கு அது இங்க இருந்துச்சுன்னா டவுன்ஷிப் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன். அப்புறம் ஒரு நாயும் இருக்காது."

அவர் என் மகளைத் தன் மொபெட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பிறகு போட வேண்டியிருந்த ஒவ்வொரு ஊசிக்கும் அவரே கூட்டிப் போனார். கடித்த அன்று சாயங்காலமே முந்திரியை மொபெட்டின் முன்பக்கம் உட்காரவைத்து, எடுத்துவந்த முத்தாண்டிக்குப்பத்துக்கே கொண்டுபோய், தெரிந்த விவசாயி ஒருவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். வாராவாரம் லீவு நாளில் தூக்குச்சட்டியோடு பஸ் ஏறிப் போவதைப் பார்ப்பேன். மூன்றாவது மாதம் அப்படிப் போவது நின்றது. கேன்டீனில் எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்து வைத்தார். "முந்திரி செத்துப்போச்சு தம்பி. கட்டிப்போட்ட எடத்துல சாப்புடவே இல்லியாம்" என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனேன்.

என் மகள் பிளஸ் டூ படிக்கும்போதுதான் சொன்னாள். கூட விளையாடிய பிள்ளைகள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். தூங்கிக்கொண்டிருந்த முந்திரியின் புண்பட்ட இடுப்பை இவள் வேண்டுமென்றே மிதித்திருக்கிறாள். "நீ அடிப்பியேன்னுதான்பா சொல்லல" என்றாள்.

மறுநாள் அவரிடம் போய் நின்றேன். நான் பாதி சொல்வதற்குள்ளேயே, "தெரியும் தம்பி. சமையக்கட்டு ஜன்னல்லேருந்து லூர்து பாத்துக்கினுதான் இருந்தா" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே!"

"நீ வந்து நின்ன கோலத்துல புள்ளைய அடிச்சே கொன்னுருப்ப. அன்னைக்கு யாரோ ஒருத்தர் அடிபட்டே ஆகணும். நாய் படட்டும்னு வுட்டுட்டேன்." பிறகு, "அதுவும் தப்புதான். வேற வழி தேடியிருக்கணும். அது என்னைத்தானே நம்பிச்சு" என்றார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டேனா என்று இப்போது ஞாபகமில்லை.

அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வடலூரில் நல்ல வீடுகள் கிடைத்தன. நாய் கூடாது என்றார்கள். சென்னையிலிருந்த மகனின் அடுக்குமாடியிலும் அதே கதை. கடைசியில் வடலூரைத் தாண்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் அண்ணியோடும் மிஞ்சியிருந்த ஜெனரலோடும் நைட்டோடும் குடியேறினார். சாமான் ஏற்றிய மினி லாரியில் நானும் போனேன்.

அவருக்கு இதயத்தில் அடைப்பு இருந்ததும், ஒரு வாரம் வந்து படுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்திருந்ததும் அடக்கத்தன்று அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நான் ஆஸ்பத்திரில அவரு கூட இருந்தா இதுங்கள யாரு பாத்துக்குவா, மழை முடியட்டும்னு தள்ளிக்கினே போனாரு தம்பி." ஏழெட்டு மைல் தூரத்தில் நான் இருந்தேன். எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று நான் அண்ணியிடம் கேட்கவில்லை.

அண்ணி மகனோடு சென்னைக்குப் புறப்பட்ட அன்று நாய்களை நான் கேட்டேன். அண்ணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய் அந்த அட்டைகளை எடுத்துவந்து கொடுத்தார். "ஜெனரலுக்குப் பல்லு இல்ல, நல்லா கொழைச்சிப் போடுங்க. நைட்டைக் கட்டிப்போடாதீங்க தம்பி" என்றார்.

ஜெனரல் இரண்டு வாரத்தில் இறந்துவிட்டது. நர்சிங் படிக்கும் என் மகள் லீவில் வந்து, நைட்டுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அது அவளிடம் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

அல்போன்ஸ் அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பவை ஒரு கிழட்டுக் கறுப்பு நாயும், அவர் கையெழுத்தில் இரண்டு அட்டைகளும், என் பிள்ளைக்காக ஆறு வருடம் அவர் வாய் திறக்காமல் இருந்ததும்தான். நைட்டு நேற்றுதான் முதல் தடவையாகத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டது. அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். அவர் "தண்ணி வச்சீங்களா?" என்று கேட்டார்.