காட்டு வான்கோழிப் பத்தியம்

என் கணவர் எறும்பைக்கூடப் பார்த்து விலகி நடக்கும் மனிதர். தெருவில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும், சிவப்பு விளக்கு எரிந்தால் பச்சை வரும்வரை நின்றுதான் கடப்பார். அப்படிப்பட்டவர் எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, சட்டம் தொடக்கூடாது என்று சொன்ன பறவை ஒன்றை அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, சிட்னியில் எங்கள் ஹோம்புஷ் ஃபிளாட்டின் குசினி மேசையில் வைத்தார். நான் சாப்பிடவேண்டும் என்பதற்காக. இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. கோபம்தான் கொஞ்சம் கூட.

அந்தக் குளிர்காலத்தின் முடிவில், கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில், எனக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது. முதல் பிள்ளை. பெண் என்பதே ஒரு தாதி வாய்தவறிச் சொன்னதால்தான் எனக்குத் தெரியும். ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பார்க்கவேண்டும் என்றேன். பார்க்காமலிருப்பதுதான் நல்லது, வீட்டுக்குப் போய் அடுத்த பிள்ளையைப் பெற்றுக்கொள் என்றார் டொக்டர். அந்தக் காலத்தில் அங்கே அதுதான் வழக்கம் என்று பிறகு அறிந்தேன். பால் வற்றுவதற்காக மார்பை இறுக்கிக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டுக்கு மேலால் சட்டை நனைந்துகொண்டே இருந்தது.

எனக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பிள்ளையை எங்கே வைத்தார்கள்? எங்கள் ஆட்கள் சிறு பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். தகப்பன் போய் மண் போடவேண்டும். நான் கட்டிலில் கிடந்தபோது இவர்தான் வெளியே தாழ்வாரத்தில் நின்றவர். ஆகவே போயிருப்பார், போட்டிருப்பார், எனக்கு மனம் நோகும் என்று மறைக்கிறார் என்றே நான் நம்பினேன்.

“பிள்ளையை எங்கை வைச்சது?”

“எல்லாம் ஒழுங்காச் செய்தாச்சு. நீர் அதையே யோசியாதையும். முதல்ல சாப்பிடும்.”

காலையில் கேட்டாலும் இதே பதில், மாலையில் கேட்டாலும் இதே பதில். நானும் பிடிவாதக்காரி. நீங்கள் சொல்லாவிட்டால் நான் சாப்பிடமாட்டேன் என்று வாயால் சொல்லவில்லையே தவிர, செய்தது அதைத்தான்.

இவர் மூன்று அக்காமாருக்குக் கீழே பிறந்தவர். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சரக்கு அரைத்த பத்தியக் கறி கொடுக்கவேண்டும் என்பது எண்சுவடி மாதிரி அவருக்குப் பாடம். பிள்ளை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, உடம்பு பெற்ற உடம்புதானே என்பது அவர் கணக்கு. கொழும்பிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். அம்மி ஏது? துணியில் முடிந்து போத்தலால் உருட்டி நசித்தார். கறி வைத்தார். கோழிதான் சரிவரவில்லை. கடையில் கிடைத்தது ஐஸில் விறைத்த வெள்ளைக் கோழி. சட்டியில் போட்டதும் தண்ணீராய்க் கக்கியது. ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினேன்.

“பத்தியத்துக்கு ஊர்க்கோழி வேணும். இதென்ன பஞ்சு?” என்றேன். வேண்டுமென்றே குத்திய குத்து. இந்த நாட்டில் ஊர்க்கோழிக்கு அவர் எங்கே போவார்?

போனார். அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்த மால்டா தீவுக்காரர் ஒருவர் இருந்தார். பறவை சுடுவதென்றால் அந்த மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சிட்னிக்கு வடக்கே, கோஸ்ஃபோர்டுக்கு உள்ளே ஈரப் பள்ளத்தாக்குகளில் காட்டு வான்கோழி இருக்கிறது, காட்டில் கிளறித் தின்று வளர்ந்த இறைச்சி, உன் மனைவிக்கு அதுதான் மருந்து என்று அவர் சொல்லியிருக்கிறார். கூடவே, முயலை எந்த நாளும் சுடலாம், காட்டு வாத்துக்குப் பருவம் இருக்கிறது, இதை மட்டும் வருடம் முழுக்கத் தொடக்கூடாது, முட்டையையும் எடுக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். பஞ்ச காலத்தில் சனங்கள் சுட்டுத் தின்றே அருகிப்போன பறவையாம். பொலிஸில் பெயர் பதிந்தால் கப்பலேற்றிவிடுவார்கள் என்று நாங்கள் நடுங்கிய காலம் அது. இவர் சட்டம் அவ்வளவையும் கேட்டுக்கொண்டு, சரி, எப்போது போகலாம் என்று கேட்டிருக்கிறார்.

முதலில் வெறுங்கையோடுதான் வந்தார்கள். பறவையின் பழக்கம் தெரியாமல் பிடிக்க முடியாது என்று மால்டாக்காரர் சொன்னாராம். வார இறுதி வந்தால் இவர் காட்டில். வேலை நாட்களில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அந்தப் பறவையைப் பற்றிய பேச்சு. வேறு எதற்கும் வாய் திறக்காத மனிதருக்கு அதற்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ அவ்வளவு பேச்சு. நான் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

ஆண் பறவை உதிர்ந்த இலையையும் மண்ணையும் காலால் பின்னுக்கு வாரி வாரி நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு கும்பி குவிக்குமாம். உள்ளே இலை மக்கும்போது எழும் சூட்டில்தான் முட்டை பொரிக்கும். பெட்டைகள் வரும், கும்பிக்குள் முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். பிறகு எல்லாம் ஆணின் பாடு. தலையைக் கும்பிக்குள் விட்டுச் சூடு பார்க்கும். சூடு கூடினால் இலையை விலக்கும், குறைந்தால் இன்னும் வாரிப் போடும். மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும் அந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. குஞ்சு தானாகவே மண்ணைக் கிளறிக்கொண்டு மேலே வந்து, யாரையும் திரும்பிப் பாராமல் காட்டுக்குள் ஓடிவிடும்.

“புதைச்சாப் பிறகு தாய் வந்து பாக்காதோ?” என்று கேட்டேன். பல நாட்களுக்குப் பிறகு நானாகக் கேட்ட கேள்வி. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“வராது. ஒருநாளும் வராது.”

“எண்டாலும் அதுக்கு எங்கை புதைச்சதெண்டு தெரியும்.”

அவர் எழுந்து கதிரையை இழுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் அழுவதற்காகக் குழாயைத் திறந்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து போகவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் அரிசிச் சாக்கு வந்தது.

கரிய இறகு. மொட்டைத் தலை, சிவப்பு. கழுத்தில் மஞ்சள் நிறத்தில் தோல் வளையமாகத் தொங்கியது. கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருத்தமில்லாமல் பெரிதாக இருந்தன; நகங்களுக்குள் கறுத்த மண் அடைந்து கிடந்தது. இவருக்கு இறகு பிடுங்கத் தெரியாது. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் நான்தான் எழுந்தேன். வெந்நீர் ஊற்றியதும் மக்கிய இலை மணம் குசினியை நிறைத்தது.

“எப்பிடிச் சுட்டது?” என்று கேட்டேன்.

“தலையைக் கும்பிக்குள்ள விட்டுச் சூடு பாத்துக்கொண்டு நிண்டது. அப்பதான் சுடச் சுகமாம். எங்களைக் காணேல்லை.”

“முட்டை?”

“ஒரு பக்கத்தைக் கிண்டி மால்டாக்காரர் கொஞ்சம் எடுத்தவர். மிச்சம் உள்ளுக்கை கிடக்கு.”

கை ஓய்ந்தது எனக்கு. பிறகு மிச்ச இறகையும் பிடுங்கி முடித்தேன். செத்ததைப் பாதியில் விட்டு என்ன செய்ய? மத்தியானம் முழுக்க வேகவைத்தும் இறைச்சி மரக்கட்டையாகவே இருந்தது. இவர் நசித்து வைத்த சரக்கைப் போட்டுக் கறியாக்கி, கொஞ்சச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். அவர் எதிரே இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் தொண்டையும் சேர்ந்து அசைந்தது. அப்போது எனக்கு அவர்மேல் அடக்கமுடியாத பாசம் வந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

“சாப்பிட்டிட்டன். இப்ப சொல்லுங்கோ.”

அவர் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

சரி, சொல்லவேண்டாம், நாளைக்கு அந்தக் கும்பியை எனக்குக் காட்டுங்கள் என்றேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெளிவில்லை. என் வயிற்றுக்குள் கிடந்த அந்தப் பறவை எதைக் காத்துக்கொண்டு நின்றது என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. அவரோ, மனிசி வெளியே காலெடுத்து வைக்கிறாளே என்று சந்தோஷப்பட்டு, இரவல் காருக்கு ஓடினார்.

ஈரமான பள்ளம். கொடிகள் தலையில் இடித்தன. நடக்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். கும்பி அவர் சொன்ன அளவுக்கு உயரமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் குடைந்து கிடந்தது. கறுத்த இறகுகள் சிதறிக் கிடந்தன. இவர் நேரே போய் முழங்காலிட்டு, குடைந்த இடத்தை இரண்டு கையாலும் மூடத் தொடங்கினார். கொஞ்சம் மண் போடுவார், கையை முழங்கைவரை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பார், இன்னும் கொஞ்சம் இலை வாரிப் போடுவார். முட்டைகள் எவ்வளவு ஆழத்தில் கிடக்கின்றன என்று எனக்குக் காட்டினார். ஏதோ ஒரு பறவையின் முட்டைக்கு இவ்வளவு செய்யும் மனிதர் தன் பிள்ளைக்கு எப்படியெல்லாம் செய்திருப்பார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

“ஹலோ” என்று பின்னால் ஒரு குரல். திரும்பினால் காக்கிச் சீருடை, தொப்பி. காட்டைக் காவல் பார்க்கும் ரேஞ்சர். முட்டை திருடுகிறோம் என்று நினைத்துவிட்டார். பிறகு இறகுகளைக் கண்டார். முகம் இறுகிவிட்டது.

இவர் எழுந்து, மண் படிந்த கைகளோடு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார். யார் சுட்டது என்று ரேஞ்சர் கேட்டார். “நான்தான், சேர்” என்றார் இவர். துப்பாக்கியைக் கையால் தொட்டும் அறியாத மனிதர், கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். இது பாதுகாக்கப்பட்ட பறவை என்று தெரியுமா? தெரியும், சேர். தெரிந்தும் ஏன்?

அதற்கு நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். எனக்குப் பிள்ளை இறந்து பிறந்தது, நான் சாப்பிடாமல் கிடந்தேன், எங்கள் ஊரில் அதற்கென்று ஒரு சமையல் இருக்கிறது, அதற்காகத்தான் இவர் இதைச் செய்தார் என்றேன். ரேஞ்சர் என்னைப் பார்த்தார். என் சட்டையில் ஊறியிருந்த, இன்னும் வற்றாத பாலின் ஈரத்தைப் பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். தனக்கும் அப்படி ஒரு பிள்ளை போனது என்றார். பிறகு, எந்த மனிதனும் கேட்கக்கூடிய ஒன்றை, இரக்கத்தோடு, இவரைப் பார்த்துக் கேட்டார்.

“எங்கே அடக்கம் செய்தீர்கள்?”

என்னிடம் மழுப்பிக்கொண்டே வந்த மனிதரால் ஒரு சீருடைக்கு முன்னால் பொய் சொல்ல முடியவில்லை.

“தெரியாது, சேர். நான் கேக்கேல்லை.”

அந்தப் பதிலை மட்டும் தமிழில் சொல்லிவிட்டார். ரேஞ்சருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“டொக்டர் வந்து, நாங்களே எல்லாம் பாக்கிறம், நீ ஒண்டுக்கும் கவலைப்படாதை எண்டார். பெரிய டொக்டர். அவரிட்டை என்னெண்டு திருப்பிக் கேக்கிறது? நான் ஓம், தாங்க்ஸ் எண்டிட்டன். பிறகு கொண்டுபோயிட்டினம்.”

ரேஞ்சர் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டார். தண்டம் கட்டினோம், யாரும் எங்களைக் கப்பலேற்றவில்லை. அன்று காரில், திட்டினால் அவர் நொறுங்கிப் போவார், திட்டாவிட்டால் நான் நொறுங்கிப் போவேன் என்ற நிலை. கடைசியில் நான்தான் நொறுங்கினேன்.

திங்கட்கிழமை தனியே ரயிலேறி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். எவரிடமும் எதையும் கேட்காமல் விடப்போவதில்லை என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெடுநேரம் வாங்குப் பலகையில் இருக்க வைத்தார்கள். பிறகு அந்த டொக்டரே வந்தார். வெள்ளைக் கோட்டு, நல்ல உயரம், கனிவான குரல். இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து ஒரே குழியில் வைப்பதுதான் வழக்கம், எந்த இடம் என்று தனக்குத் தெரியாது, சொல்லக்கூடியவர்களும் இல்லை, வீட்டுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள் என்று என் தோளைத் தட்டினார். நான் எழுந்து நின்றேன்.

“தாங்க்ஸ், டொக்டர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.