ஆளில்லாத தெருவின் படம்

எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள் குறுகலானவை. எதிர்ச்சாரிச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் ஒரு கடைவீடு முழுதாகக் கேமராவுக்குள் அடங்காது. அதனால் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து படமெடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றோடொன்று ஒட்டி, தெருவின் முகத்தை ஒரே நீளப் படமாக்குவோம். எந்தத் தூண் சாய்ந்திருக்கிறது, எந்தச் சன்னலைப் பின்னாளில் அடைத்தார்கள், எந்த மாடியை இரண்டாகத் தடுத்துக் குடியிருந்தார்கள் என்பதையெல்லாம் அந்தப் படத்தை வைத்துத்தான் படிப்போம். கட்டட வரைவு அலுவலகம் ஒன்றில் எனக்கு அதுதான் வேலை.

துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. ஞாயிறு காலையில்தான் வண்டிகள் குறைவு. தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு என் கணவரும் கூட வந்தார். கடல் பாலத்தைத் தாண்டி, பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு ஷிஃப்ட் வேலை. வாரம் முழுக்க இயந்திரத்தோடு இருந்தவருக்கு மனிதர்களிடம் பேசக் கிடைத்த நாள் அது. எனக்கு முன்னால் போய், வாசலை மறைத்து நின்ற மோட்டார் சைக்கிள்களைத் தள்ளச் சொல்லிக் கேட்பார். கேட்ட பிறகு நகர மாட்டார். அங்கேயே நின்று கதை பேசுவார்.

"படத்துல விழுறீங்க. தள்ளுங்க!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கத்துவேன்.

"விழுந்தா என்னா லா? தெருன்னா ஆளு இருக்க மாட்டாங்களா?" என்பார்.

சாப்பாடு விற்கும் மாமாக் கடை பாயிடம்தான் அதிக நேரம் நின்றார். தூணில் சாய்ந்துகொண்டு, கையில் தேத்தண்ணியோடு, எதற்கோ அப்படிச் சிரித்தார். நான் எரிச்சலோடு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டேன்.

அந்த வாரமே, வேலைக்குப் போகும்போது, மழையில் பாலத்தின் மேல் அவருடைய மோட்டார் சறுக்கிவிட்டது. மருத்துவமனைக்கு நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம், ஜெபம், உறவினர் கூட்டம் எல்லாம் ஓய்ந்து அலுவலகம் திரும்பினேன். தெருப்படம் அப்படியே கிடந்தது. எங்கள் தலைவி, சீனப் பெண்மணி, வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றார். வேண்டாம், நானே முடிக்கிறேன் என்றேன். இன்னொருவர் கை அவர்மேல் படுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இறுதிப் படத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது, கட்டடம் மட்டுமே தெரிய வேண்டும் என்பது விதி. ஆளைப் படத்திலிருந்து நீக்குவது சிரமமான வேலையும் அல்ல. அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரே சுவர் கொஞ்சம் பதிந்திருக்கும். ஒன்றில் ஆள் நின்றிருந்தால், ஆள் நகர்ந்துவிட்ட மற்றதிலிருந்து வெறும் சுவரை எடுத்து அந்த இடத்தை மூடிவிடலாம். தையற்கடை வாசலில் நின்ற என் கணவரை நீக்கினேன். பலகைக் கதவுக்கு முன்னால் நின்ற அவரை நீக்கினேன். ஒவ்வொரு முறையும் சுவர் சுத்தமாக வந்தது. இது இவ்வளவு எளிதாக இல்லாமலாவது இருந்திருக்கலாம்.

மாமாக் கடைத் தூணில் மட்டும் முடியவில்லை. அங்கே எல்லாப் படத்திலும் அவர் நின்றார். மூடுவதற்கு வெறும் தூண் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வெயில் அதே சாய்வில் விழ வேண்டும் என்பதால் மறுபடியும் ஒரு ஞாயிறு காலையில் கேமராவோடு போனேன்.

பாய் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "வா தங்கச்சி! தம்பி எங்க? கெரெத்தாவ ஓரமா நிறுத்திட்டு வராரா?"

"அவரு இல்ல பாய்."

"ஞாயித்துக்கெழம கூடவா ஷிஃப்ட் போடுறானுங்க?"

"இல்ல பாய். எறந்துட்டாரு. பாலத்துல, மழையில."

அவர் கையிலிருந்த குவளையை மெல்ல மேசையில் வைத்தார். உதடுகள் ஏதோ ஓதின. "இங்கதான நின்னு சிரிச்சிட்டிருந்துச்சு அந்தப் புள்ள" என்றார். பிறகு, "இப்ப என்னா செய்யணும், சொல்லு" என்றார்.

"இந்தத் தூண எடுக்கணும் பாய். யாரும் இல்லாம."

பாய் தூணுக்குப் பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை உள்ளே உட்காரச் சொன்னார். நாற்காலிகளை இழுத்துப் போட்டார். தெருவில் இறங்கிக் கையை விரித்து, "நில்லுங்க லா, கொஞ்ச நேரம்!" என்று மோட்டார்களை நிறுத்தினார். நான் எடுத்தேன். படம் கலங்கிவிட்டது. மறுபடி எடுத்தேன். அதுவும் கலங்கியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பாய் கையை இறக்கவே இல்லை.

"வந்திருச்சா?"

"வந்திருச்சு பாய்."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. அந்தத் தூணடியிலேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அடக்கத்தன்று கூட அப்படி அழவில்லை. பாய் ஒரு தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார். பிறகு போகிற வருகிறவர்கள் என்னைப் பார்க்காதபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அப்படியே நின்றார்.

தெருப்படம் நன்றாக வந்தது. ஒட்டிய இடம் எங்கும் தெரியவில்லை. அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். ஆளுக்கொரு வீட்டைச் சுட்டிக்காட்டி ரசித்தார்கள். தலைவி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அடுத்த தெருவையும் நீதான் எடுக்க வேண்டும், துணைக்கு யார் வருவார்கள் என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. என் கணவரின் பெயரைச் சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. தலைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.